கூலர் மாட்டிய வியாழக்கிழமை

அலாவுதீன் தோஹாவில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கீழே இருப்பவர்களை எல்லாம் குளிர வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதருடைய சொந்த வீட்டில், திருமலைராயன்பட்டினத்தில், ஒரு கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. அதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்வாரில்லை. விஷயம் தெரிந்தபோது கம்ப்யூட்டரைவிட அதிகம் சூடானது அவர்தான்.

தெரிந்ததும் தற்செயலாகத்தான். வியாழக்கிழமை காலை இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தவர் காதில், முன்னறையில் மனைவி கமர் நிஷா போனில் பேசுவது விழுந்தது. எதிர்முனையில் காரைக்காலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயபிரகாஷ்.

"நேத்துலேந்து அஞ்சு தடவ தானா ஆஃப் ஆயிடுச்சு தம்பி. சூடு தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பதுன்னு ஏறுது, பொட்டுனு அணைஞ்சுடுது. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வீடியோவ அனுப்பியாவணும். கம்ப்யூட்டருக்குள்ள மாட்ட நீங்க குடுத்த புதுக் கூலர் பிரிக்காம அப்படியேதான் இருக்கு, வந்து மாட்டிக் குடுத்தா போதும். திருவாரூர்லயா இருக்கீங்க? வர ராத்திரி ஆயிடுமா? சரி தம்பி, நான் பாத்துக்குறேன்."

நான் பாத்துக்குறேன். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே அலாவுதீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேஸ் தீர்ந்தால் அவள் பார்த்துக்கொள்வாள். மோட்டார் ஓடாவிட்டால் அவள் பார்த்துக்கொள்வாள். வீட்டு வரியா, ரேஷன் கார்டா, கொல்லையில் விழுந்த முருங்கையா, எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். அவர் என்ன பார்ப்பது? டிவி பார்க்கலாம்.

கமர் நிஷாவைக் குறை சொல்லிப் பயனில்லை. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற ஆணுக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. நாற்பத்தைந்து நாளும் அவர் புது மாப்பிள்ளைதான். மீனில் நடுத்துண்டு அவருக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கிற நாற்காலி அவருக்கு. ஒரு குடத்தை நகர்த்த விடமாட்டார்கள். நாற்பத்தைந்து நாளைக்கு அதெல்லாம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அலாவுதீன் வேலையை முடித்துக்கொண்டு, விசாவைக் கேன்சல் செய்துவிட்டு, ஊரோடு வந்து சேர்ந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. இன்னும் நடுத்துண்டு வந்துகொண்டே இருந்தது. தொண்டையில் முள் இல்லாமலே சிக்கியது.

அவள் ஒன்றும் சும்மா இருக்கிறவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆனதும் பழைய படிப்பைத் தூசி தட்டி எடுத்தாள். கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவது அவள் வேலை. இங்கே வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். செங்கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களுக்குப் படத்தைப் பார்த்தாக வேண்டும். காரைக்கால் இன்ஜினியர் சோமசேகரன் மூன்று வருஷமாக இந்த வேலையை அவளிடம்தான் கொடுக்கிறார். இந்த முறை அவர் கேட்டது வீடியோ. வாசலில் நுழைந்து, கூடம், அறைகள், மாடி என்று நடந்து போவதுபோல ஒரு நிமிஷம். வீட்டுக்காரர் பாரிஸில் இருக்கிறார், இன்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறார். நன்றாக வந்தால் இனி வீடியோ வேலையும் அவளுக்கே. வராவிட்டால் அது சென்னைக்குப் போய்விடும்.

அலாவுதீன் மடியிலும் அன்று ஒரு கெடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோஹாவிலிருந்து பழைய ஃபோர்மேன் காஜா நஜ்முதீன் கூப்பிட்டிருந்தார். "சூப்பர்வைசர் வேலை பாய். ஏணி ஏற வேணாம், கையெழுத்துப் போட்டா போதும். வியாழக்கிழமை ஆபீஸ் மூடுறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க." நாலு நாளாக அதை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தார். போக ஆசையா என்றால் இல்லை. இங்கே இருக்க இடம் இருக்கிறதா என்றால் அதுவும் தெரியவில்லை.

கமர் நிஷா போனை வைத்த அந்த நிமிஷம் அவருக்குள் ஒரு பந்தயம் உருவாயிற்று. ஐம்பத்திரண்டு வயது மனிதர் கட்டுகிற பந்தயமா அது என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தக் கூலரை நாம் மாட்டுவோம். சூடு இறங்கினால் ஊரிலேயே இருந்துவிடுவோம். இறங்காவிட்டால் நஜ்முதீனுக்கு 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம்.

முன்னறைக்குப் போனார்.

"நான் மாட்டுறேன்" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் செரமம்? போய் ஃபேனுக்கு அடியில உக்காருங்க."

"கூலிங் சமாச்சாரம்மா இது. என் தொழிலு. நீ அடுப்ப கவனி."

அவள் தயங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. வேறு வழியும் இல்லை. டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பக்கவாட்டுக் கதவைக் கழற்றியதும் குற்றவாளி கண்ணில் பட்டான். பழைய கூலர் நாலு பிளாஸ்டிக் முளைகளில் நிற்கிற வகை. அதில் ஒன்று உடைந்து, கூலர் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. புராசஸர் என்கிற அந்தச் சின்னச் சதுரத்தின் தலையில் அது ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும், பாதிதான் ஒட்டியிருந்தது. இறகுகளில் பஞ்சுபோல் தூசி. கடல் காற்று வேறு தன் பங்குக்குத் துருவேற்றி வைத்திருந்தது. "இப்படி இருந்தா எப்படிம்மா ஓடும்?" என்று அலாவுதீன் கம்ப்யூட்டரிடம் கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

பழசைக் கழற்றி, சூட்டைக் கடத்த நடுவில் தடவுகிற பேஸ்ட் காய்ந்திருந்ததைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். புதுக் கூலர் ஒரு சாண் உயரம். செம்புக் குழாய்கள், அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், முன்னால் ஒரு விசிறி. அதை இறுக்கிப் பிடிக்க போர்டுக்குப் பின்பக்கம் வைக்கிற ஒரு தட்டு, ஸ்பிரிங் போட்ட நாலு ஸ்க்ரூ. தட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடிக்க, முன்னாலிருந்து ஒருவர் முடுக்க வேண்டிய வேலை. அலாவுதீன் கமர் நிஷாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அப்புறம் என்ன பெருமை? தட்டை டேப் போட்டு ஒட்டினார்.

கூலரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். மழமழவென்ற செம்புத் தகடு. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் சிவப்பில் பொடி எழுத்து.

தப்பு நடந்தது இங்கேதான். கம்பெனிக்காரன் அந்தத் தாளை உரித்துவிட்டு மாட்டு என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறான். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் உரித்திருப்பார்கள். ஆனால் இது அலாவுதீன் வீடு. தோஹாவிலிருந்து அனுப்பிய எந்தச் சாமான் மேலும் ஒட்டியிருந்த தாளை இந்த வீட்டில் யாரும் உரித்தது கிடையாது. பத்து வருஷத்து ஃபிரிட்ஜ் கதவில் தாள் அப்படியே இருக்கிறது. வாஷிங் மெஷினின் பட்டன்களைத் தாளுக்கு மேலேயே அழுத்துவார்கள். டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை. ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் "கவர கிழிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டாக்ஸியில் ஏறுவார். இரண்டு வருஷம் கழித்து வரும்போது எல்லாம் தான் விட்டுப்போன புதுசாகவே இருக்க வேண்டும் அவருக்கு. அவருடைய கை அந்தத் தாளைத் தடவிப் பார்த்தது. புதுச் சாமான், ஒரு கீறல் இல்லை என்று சந்தோஷப்பட்டது. பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்து, தாளோடு சேர்த்து மாட்டிவிட்டார்.

முடித்தபோது மணி பதினொன்றே முக்கால். கமர் நிஷா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மாடிப்படியும் மொட்டை மாடியும்தான் பாக்கி. ஒவ்வொரு படமாகக் கம்ப்யூட்டர் வரைய நாலு மணி நேரம் ஓடினால் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஓட விட்டாள். திரையின் மூலையில் சூடு காட்டுகிற எண் ஏற ஆரம்பித்தது. அறுபது. எழுபத்தெட்டு. தொண்ணூறு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நூறு. மெஷின் அணையவில்லை, ஆனால் சூட்டுக்குப் பயந்து நொண்ட ஆரம்பித்தது. நாலு மணி நேரம் என்று காட்டியது பதினொரு மணி நேரம் என்று மாறிற்று.

கமர் நிஷா நிறுத்தினாள். திட்டியிருந்தால் அலாவுதீன் பிழைத்துப் போயிருப்பார்.

"பரவால்ல மச்சான்" என்றாள் மெதுவாக. "இவ்வளவு நேரம் குனிஞ்சே இருந்தீங்க. போய்க் காத்தாட உக்காருங்க. நான் பாத்துக்குறேன்."

அவர் கூடத்துக்கு வந்து, அந்தப் பாழாய்ப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஊரான் வீட்டை எல்லாம் குளிர வைத்த கை, சொந்த வீட்டில் ஒரு தீப்பெட்டி அளவு சாமானைக் குளிர வைக்கவில்லை. பந்தயம் பந்தயம்தான். போனை எடுத்தார். 'வர்றேன் பாய்' என்று எழுதினார். அனுப்புகிற பட்டனுக்கு மேல் கட்டைவிரல் நின்றது.

அங்கேயே நின்றுவிட்டது. காரணம் வீட்டுப் பாசம் எல்லாம் இல்லை, தொழில்தான். சற்றுமுன் மூலையில் நூறு என்று எண் நின்றபோது அவர் பழக்கதோஷத்தில் கூலரின் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்திருந்தார். அது சில்லென்று இருந்தது. இப்போதுதான் அது மூளையில் உறைத்தது. கீழே நூறு, ஒரு விரற்கடை மேலே சில்லிப்பா? ஏசி மெக்கானிக்குக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. வழியில் என்னவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது.

எழுந்து முன்னறைக்குப் போனார். கமர் நிஷா லுஹர் தொழ உள்ளறைக்குப் போயிருந்தாள். நாலு ஸ்க்ரூவையும் கழற்றினார். டேப் போட்ட தட்டு பின்னால் டொக்கென்று விழுந்தது. கூலரைத் தூக்கிக் கவிழ்த்தார்.

சப்பிப்போன பேஸ்ட்டுக்கு அடியில், தாள். செம்புக்கும் சூட்டுக்கும் நடுவில் அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிவப்பு எழுத்தைப் படித்தார். படித்து முடித்ததும் காது மடல் வரை சுட்டது.

உரித்தார். உரித்த கையோடு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாருக்கும் தெரியப் போவதில்லை. பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று சொல்லிவிடலாம். மறுபடி மாட்டினால் சூடு இறங்கும், பெருமையும் நிற்கும். இப்படி மறைப்பதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. தோஹாவில் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தபோது ஆறு வாரம் வீடியோ காலில் வராமல், லைன் சரியில்லை என்றே சொல்லிச் சமாளித்தவர். அங்கேயிருந்து பேசுகிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. நல்லாருக்கேன், நல்லாருக்கேன், வேற என்ன விசேஷம்.

தொழுகை முடித்து வந்த கமர் நிஷா வாசற்படியில் நின்று பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தாள். "என்னாச்சு மச்சான்?"

"பேஸ்ட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் முகத்தில் கோபமே இல்லை. விருந்தாளி கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டால் வீட்டுக்காரி காட்டுகிற பொறுமைதான் இருந்தது. அந்தப் பொறுமையைப் பார்த்ததும் அலாவுதீனுக்கு வாய் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"பேஸ்ட்டு இல்ல. நான்தான். பிளாஸ்டிக் தாள உரிக்காம மாட்டிட்டேன்." பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். "உரின்னு செவப்புல எழுதிருக்கான். ஃபிரிட்ஜ்ல விட்டு வச்ச மாதிரியே விட்டு வச்சுட்டேன்."

கமர் நிஷா தாளை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முதலில் உதடுதான் துடித்தது. அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இருவத்திரெண்டு வருஷ மெக்கானிக்கு!" என்றாள். "ரப்பே! தாளோட மாட்டிருக்காரு!" புருஷனைப் பார்த்து இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அவருக்கு நினைவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"சிரிச்சது போதும். வா, வந்து பின்னாடி தட்டப் புடி. ரெண்டு பேர் செய்யற வேல இது."

கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் நடுவில் வைத்தார்கள். அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து, பின்புறத் திறப்பு வழியாக இரண்டு கையாலும் தட்டை அழுத்திப் பிடித்தாள். இவர் இந்தப் பக்கம். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, மிச்சமிருந்ததைப் பிதுக்கி வைத்து, கூலரை நேராக இறக்கினார். முதல் ஸ்க்ரூவை இரண்டு சுற்று. அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் இருப்பதை இரண்டு சுற்று. ஒரு மூலையை ஒரேயடியாக முடுக்கினால் மறு மூலை தூக்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் மூடிக்கும் அதே சட்டம்தான்.

அப்போது மேசைமேல் கிடந்த அவர் போன் அடித்தது. இரண்டு பேருக்கும் நடுவில், பெயர் பளிச்சென்று தெரிய. காஜா நஜ்முதீன்.

எடுக்க இவருக்குக் கை ஒழியவில்லை. அவளுக்கும் ஒழியவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"நஜ்முதீன் எதுக்குக் கூப்புடுறாரு?"

ஒரு உண்மையைச் சொல்லிவிட்ட சூட்டில் அடுத்ததும் வந்துவிட்டது. "திரும்ப வரச் சொல்றாரு. சூப்பர்வைசர் வேலை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்."

பின்னால் தட்டு லேசாக அசைந்தது.

"கைய எடுத்துடாத!"

"எடுக்கல." குரல் பெட்டிக்கு அப்பாலிருந்து வந்தது. முகம் தெரியவில்லை. "எப்பலேந்து கேக்குறாரு?"

"ஞாயித்துக்கெழமலேந்து."

"என்ன சொல்லப் போறீங்க?"

அலாவுதீன் மூன்றாவது ஸ்க்ரூவைத் திருகினார். "இந்தக் கூலர நான் சரியா மாட்டுனா இருக்கறது, இல்லன்னா போயிடறதுன்னு நெனச்சேன்."



"நல்லாருக்கு மச்சான். என் வாழ்க்கைய நாலு ஸ்க்ரூல வச்சு முடுக்கிக்கிட்டு இருக்கீங்க."

"வேற எதுல வைக்கச் சொல்ற? இந்த வூட்ல எனக்கு என்ன வேல இருக்கு? ஒரு டீ போட விடமாட்டேங்குற. லீவுல வந்தவனுக்குக் குடுக்குற நாற்காலியக் குடுத்து உக்கார வச்சிருக்க. எத்தன நாளைக்கு உக்காருவேன் நிஷா?"

"நீங்க எத்தன நாளைக்கு இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் திருகுவதை நிறுத்தினார்.

"முடிச்சுட்டு வந்துட்டேன்னு நீங்க சொல்றது இது மூணாவது தடவ. மொத தடவ எட்டு மாசம் இருந்தீங்க. அடுத்த தடவ ஒரு வருஷம். அப்பல்லாம் கரண்ட் பில்லு, தோப்பு, புள்ளயோட பள்ளிக்கூடம்னு எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்படைச்சுட்டு நிம்மதியா இருந்தேன். ஒருநாள் பெட்டி கட்டுனீங்க. எல்லாத்தையும் மறுபடி நான்தான் பொறுக்கி எடுத்துக்கிட்டேன். ரெண்டு தடவையும் எவ்வளவு செரமமா இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனா? போன்ல எப்படிச் சொல்றது? நல்லாருக்கேன்னுதான சொன்னேன்." அவள் தட்டை இன்னும் அழுத்திப் பிடித்தாள். "அதான் இந்த தடவ எதையும் குடுக்கல. குடுத்துட்டு வாங்கறதுக்குத் தெம்பில்ல எனக்கு."

பதினோரு மாதமாக மரியாதை என்று நினைத்தது பயமாக இருந்திருக்கிறது. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை என்ன சொல்வது?

"கை வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது. மொதல்ல முடுக்குங்க." கொஞ்சம் பொறுத்து, "போறதா இருந்தா போங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஸ்க்ரூவக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. நீங்களே பண்ணுங்க" என்றாள்.

குறுக்கும் மறுக்குமாக இன்னும் இரண்டு சுற்று. பிறகு ஒரு சுற்று. நாலு ஸ்பிரிங்கும் ஒரே அளவுக்கு அமுங்கி, ஸ்க்ரூக்கள் தாமாகவே நின்றன. கூலரைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பெட்டிதான் அசைந்தது. விசிறியின் ஒயரை மாட்டி, மூடினார். மணி ஒன்றேகால் ஆகியிருந்தது.

கமர் நிஷா ஓட விட்டாள். இரண்டு பேரும் மூலையில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பது. அறுபத்து மூன்று. அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. மறுபடி எழுபத்தொன்று. ஐந்து நிமிஷம் போயிற்று. எழுபத்தொன்று. அலாவுதீன் உள்ளே விரலை விட்டுக் குழாயைத் தொட்டார். வெதுவெதுவென்று இருந்தது. சூடு வர வேண்டிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள். அவரும் சொன்னார்.

பந்தயப்படி பார்த்தால் அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் அலாவுதீன் போனை எடுக்கவில்லை. ஸ்க்ரூவைக் கேட்டு முடிவு பண்ணாதே என்று சொல்லியாகிவிட்டதே. மெஷின் ஓடிய நாலு மணி நேரமும் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு அடுக்களைக்குள் நுழைந்து டீ போட்டார். சர்க்கரை எங்கே என்று கேட்டார். "ரெண்டாவது தட்டுல, நீல டப்பா" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. நான் போடுறேன், நீங்க உக்காருங்க என்று வரவில்லை. கதவோரம் நின்று அந்தக் குரலை அவர் ஒரு நிமிஷம் மனசுக்குள் திருப்பிக் கேட்டுக்கொண்டார். டீ கொஞ்சம் பொங்கி அடுப்பில் ஊற்றிற்று.

ஐந்தே முக்காலுக்கு மொட்டை மாடி முடிந்தது. துண்டு துண்டாக இருந்ததைக் கோத்து, ஆறரைக்கு அனுப்பினாள். அதற்கு முன்னால் அவரை உட்கார வைத்து ஒரு தடவை ஓட்டிக் காட்டினாள். கட்டாத அந்த வீட்டுக்குள் அலாவுதீன் வாசலிலிருந்து மாடி வரை நடந்து போனார். படியில் வெயில் விழுந்திருந்தது. மொட்டை மாடியில் ஏசியின் வெளி யூனிட்டைக்கூட வைத்திருந்தாள்.

"யூனிட்ட இப்படிச் சொவத்த ஒட்டி வைக்கக் கூடாது" என்றார். "பின்னாடி காத்துக்கு ஒரு அடி விடணும்."

"நெசமாவா? அடுத்த வூட்டுல மாத்திடறேன்." அவள் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் சோமசேகரன் அனுப்பிய குரல் பதிவு வந்தது. "பிரமாதம்மா. சென்னையெல்லாம் எதுக்கு, இனிமே நீங்களே பண்ணிடுங்க." அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அலாவுதீன் கேட்டார்.

ஏழு மணிக்கு அவரே நஜ்முதீனைக் கூப்பிட்டார். முன்னறையிலேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். கமர் நிஷா திரையைப் பார்த்தபடி இருந்தாள். மவுஸ் பிடித்த கை மட்டும் நகரவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நான் வரல."

"வ அலைக்கும் சலாம். என்ன பாய் இப்படிச் சொல்றீங்க? அங்க இருந்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல பாய். ஆனா வரல."

"இந்த மாதிரி எடம் இன்னொரு தடவ அமையாது."

"ஆமா பாய்" என்றார் அலாவுதீன். "அதுக்காகத்தான் வரல."

நஜ்முதீனுக்குப் புரிந்ததோ என்னவோ, தனக்காகத் துஆ செய்யச் சொல்லிவிட்டு வைத்தார். காலையில் எழுதி அனுப்பாமல் கிடந்த 'வர்றேன் பாய்' என்பதை அலாவுதீன் அழித்தார். கூலரின் விசிறிச் சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது.

கமர் நிஷா நாற்காலியைத் திருப்பாமலே பேசினாள்.

"கோவில்பத்துல ஒரு மனைய அளக்கணும். டேப்போட மறுநுனியப் புடிக்க ஆளில்லாம மூணு வாரமா சோமசேகரன் சாருக்கு சாக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளைக்குக் காலைல வர்றீங்களா?"

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். பால் பவுடர், தைலம், மகளுக்கு வளையல். பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று கேட்டதில்லை.

"எத்தன மணிக்கு?" என்றார்.

"ஆறரைக்கு. ஜும்ஆ தொழுகைக்குள்ள திரும்பிடலாம். கருவேல முள்ளா இருக்கும், பழைய சட்டையா போட்டுக்கங்க."

அலாவுதீன் பீரோவைத் திறந்து பழைய சட்டை தேடினார். ஒன்றுகூட இல்லை. மடிப்புக் கலையாத சட்டைகளாக அடுக்கியிருந்தன, எல்லாம் லீவுக்கு வருவதற்கென்று வாங்கியவை. அதில் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வெளியே மாட்டினார். நாளையிலிருந்து அது பழசாக ஆரம்பிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.